கிளிப்லெஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது

ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் எனக்குத் தெரியவில்லை. தெரியும் என்று சொன்னேன். அதனால் ஒரு பெண்ணின் முழங்கால் போயிற்று. போன பிறகு, தவறு அவருடையதே என்று நானே என் கையால் எழுதியும் கொடுத்தேன்!

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கோப்பு எழுதிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேசைக்குப் போகும், எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் வேண்டும், எல்லாம் தெரியும். ஓய்வுக்குப் பிறகும் காரைக்குடியில் எங்கள் தெருவே என்னிடம்தான் வந்து எழுதிக்கொண்டு போகும். எனக்குத் தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறைகூட இல்லை... இப்போது உங்களிடம்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

அவர் பெயரைப் பிலோமினா டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. எங்கள் தெருவிலேயே வீடு. ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அப்போது அவருக்கு வயது முப்பத்து நான்கு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய தம்பி ஒரு மலைச் சைக்கிள் அனுப்பியிருந்தான். தடித்த டயர், இருபத்தோரு கியர். துறைமுகத்திலிருந்து அதை வெளியே எடுக்க நான்கு மனு எழுதினேன். நான்கிலும் என் ஆங்கிலத்தைக் கண்டு நானே மகிழ்ந்தேன்.

வண்டியில் பெடல் மட்டும் இல்லை. அந்த மாதிரி வண்டிகளுக்குப் பெடலை நாமே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சைக்கிள் கடை சிக்கந்தர் பாய், நம் ஊர் சைக்கிளின் சாதாரணப் பெடலை மாட்டிக் கொடுத்தார். டீச்சர் அதிலேயே மானகிரிக்கு அப்பால் செம்மண் பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும் ஏறி இறங்கினார். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் விடுவார்களா? “என்ன டீச்சர், அப்புடியே சிங்கப்பூருக்குப் போறீகளா?” என்பார்கள். “ஆமா, பின்னால ஏறிக்கிறீகளா?” என்று கேட்டுக்கொண்டே போய்விடுவார்.

மேற்கே மலைப்பக்கம் ஒரு சைக்கிள் போட்டி வந்தது. பெண்களுக்குத் தனிப் பிரிவு. டீச்சர் பெயர் கொடுத்தார். பள்ளி நிர்வாகி அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு. “கை கால் போச்சுன்னா பள்ளிக்கூடம் பொறுப்பில்லம்மா. ஓடத் தெரியாத பி.டி. டீச்சரை வச்சு நான் என்ன செய்ய?” டீச்சர் இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வண்டியை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் தம்பியின் கடிதம் வந்தது. “ஃபிளாட் பெடல் வேணுமா, கிளிப்லெஸ் பெடல் வேணுமா? ஊருக்கு வர்ற ஒருத்தர்ட்ட குடுத்து விடுறேன். உடனே எழுதுக்கா.”

டீச்சர் கடிதத்தோடு என்னிடம் வந்தார். “சார், சரளையில சக்கரம் வழுக்குனா சட்டுன்னு காலைக் கீழ ஊனணும். காலை எதுவும் பிடிக்கக் கூடாது. இதுல எது சார் அது?”

நான் யோசிக்கவே இல்லை. “கிளிப்லெஸ்தான் டீச்சர். லெஸ்ஸுன்னா இல்லாதது. கிளிப் இல்லாதது.”

பழைய பந்தயச் சைக்கிள்களில் பெடலுக்கு முன்னால் கம்பிக் கூடும் தோல் வாரும் இருந்ததை இளமையில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயர் கிளிப். அது இல்லாவிட்டால் கால் சுதந்திரமாக இருக்கும் அல்லவா? இலக்கணப்படி பிழையே கிடையாது. ஃபிளாட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. காற்றுப்போன டயரைத்தான் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்! ‘கிளிப்லெஸ் அனுப்பவும்’ என்று பதிலையும் நானே எழுதினேன்.

பொட்டலம் வந்தது. பிரித்தால்... உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரண்டு இரும்புத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் வில் வைத்த ஒரு வாய். கூடவே ஒரு ஜோடி ஷூ, அடியில் இரும்பு வில்லை. வில்லையை வாயில் வைத்து மிதித்தால் ‘டக்’கென்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். தோல் வார் போட்ட கிளிப்புக்கு மாற்றாக வந்ததால் அதற்குக் கிளிப்லெஸ் என்று பெயராம். கூட இருந்த விளக்கத் தாளில் அப்படிப் போட்டிருந்தது. காலைக் கவ்வாமல் தட்டையாகக் கிடப்பதுதான் ஃபிளாட்! டீச்சர் கேட்டது அதைத்தான். அவர் அதுவரை ஓட்டிக்கொண்டிருந்ததும் அதைத்தான்!

சிக்கந்தர் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இது பெடலா, எலிப்பொறியா?”

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். “சார், இது காலைப் பிடிக்குதே?”

அந்த நொடியில் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வதற்குப் பதிலாக, “பிடிக்கணும் டீச்சர். நல்லா யோசிச்சுத்தான் எழுதுனேன்” என்றேன்.

ஏன் சொன்னேன்? சிக்கந்தர் பாய் முன்னால் சிறுமைப்படக் கூடாது என்பதற்காகவா? ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு முன்னால் என் ஆங்கிலம் சறுக்கக் கூடாது என்பதற்காகவா? ஆம்... அவ்வளவுதான். அதற்குமேல் பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்று மாலையே டீச்சருக்குக் காட்டக் குறிப்பு ஒன்று தயாரித்தேன். முடிவை முதலில் எழுதிவிட்டுக் காரணங்களைப் பிறகு சேர்ப்பது அலுவலகத்தில் கைவந்த கலை. ஏற்றத்தில் மிதிப்பதோடு மேலே இழுக்கவும் முடியும், பலம் வீணாகாது. கல்லில் வண்டி குதித்தாலும் கால் பெடலை விட்டு நழுவாது. இவை பொய்யல்ல. தட்டைப் பெடலில் காலை நினைத்த நொடியில் ஊன்றலாம், எந்தச் செருப்பும் போதும், புதிய பாதையில் பயம் குறையும் என்பதும் பொய்யல்ல. அதை நான் எழுதவில்லை. சேறு அடைத்தால் வாய் திறக்காமல் போகலாம் என்று விளக்கத் தாளில் ஒரு வரி இருந்தது. அதையும் எழுதவில்லை!

டீச்சர் பழகினார். முதல் வாரம் நின்ற இடத்திலேயே மரம் சாய்கிற மாதிரி விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது. எழுந்தார், மறுபடி ஏறினார். “குதிகாலு வெளிய, குதிகாலு வெளிய” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓட்டுவார். ஒரு மாதத்தில் கால் தானாகத் திரும்பியது. குன்றக்குடிப் பக்கத்து ஏற்றங்களில் முன்னைவிட வேகமாகவே ஏறினார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போய் நேரம் குறித்தேன். என் முடிவு சரிதான் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்... பொய் நன்றாக ஓடும்போது அது பொய் என்பதே மறந்துவிடுகிறது.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. இரண்டு நாள் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு டீச்சர் என் வீட்டுக்கு வந்தார்.

“சார், பொட்டலெல்லாம் களிமண்ணா கெடக்கு. இன்னைக்கு மட்டும் பழைய பெடலை மாட்டிக்கிறேன். உங்கட்டதான இருக்கு?”

புதியதை மாட்டிய அன்று பாய் கழற்றித் தந்தது என்னிடம்தான் இருந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே ‘பெடல் – 2’ என்று எழுதி, பீரோவில் வைத்திருந்தேன். எழுந்து மூன்று அடி நடந்தால் போதும்.

“அதை அன்னைக்கே பாய்கிட்டக் குடுத்திட்டேனே டீச்சர்” என்றேன். “இன்னைக்குக் கடையும் அடைப்பு. ஒண்ணும் ஆகாது. போட்டி அன்னைக்கு மழை பெஞ்சா என்ன செய்வீக?”

“அதுவும் சரிதான் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சபிக்கலாம். பழைய பெடல் ஒருமுறை வண்டியில் ஏறிவிட்டால் பிறகு இறங்காது என்று எனக்குத் தெரியும். அவர் அதில் சௌகரியமாக ஓட்டுவார். பிறகு எதற்கு இதை வாங்கச் சொன்னீர்கள் என்று கேட்பார்... அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காகத்தான் இல்லாததைச் சொன்னேன்.

காலை பத்து மணி இருக்கும். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும் சரிவு. நடுவில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு சேற்றில் சிறிது தூரம் நடந்திருந்தார். மறுபடி ஏறி, இரண்டு காலையும் மாட்டி, இறங்கினார். முன்சக்கரம் சறுக்கியது. வழக்கம்போல் ஸ்கூட்டரில் பின்னால் போயிருந்த நான் இருபது அடி தள்ளி நின்றேன். அவருடைய இடது குதிகால் வெளிப்பக்கம் திரும்புவதை என் கண்ணால் பார்த்தேன். ஒருமுறை... மறுபடி ஒருமுறை! வாய் திறக்கவில்லை. வண்டி ஒரு பக்கம் சரிந்தது, உடம்பு மறுபக்கம் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் முழங்கால்.

ஓடிப்போய் ஷூவின் வாரைத் தளர்த்திக் காலை வெளியே எடுத்தேன். ஷூ மட்டும் பெடலிலேயே தொங்கியது. வில்லைச் சுற்றிச் செங்களிமண் சிமெண்ட் பூசினாற்போல் அடைத்திருந்தது.

வயலில் இருந்தவர்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். ஷூவைப் பிடுங்கினேன். ஒரு குச்சியால் மண்ணைக் கிண்டி எடுத்தேன். கைக்குட்டையால் பெடலைத் துடைத்தேன். பளபளவென்று துடைத்தேன்! அவர் வலியில் கண்ணை மூடிக்கிடந்தார்.

“என்ன சார் ஆச்சு? நான் திருப்பலையா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் லேட்டாத் திருப்பிட்டீக டீச்சர்” என்றேன்.

மதுரையில் ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், ஓட முடியாது. போட்டி போனது. நிர்வாகி எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். டீச்சர் படுக்கையிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார். ‘என் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து’ என்று எழுதினேன். அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். “கரெக்டா எழுதியிருக்கீக சார்” என்று நன்றிவேறு சொன்னார். அந்த ஒரு தாளை வைத்துத்தான் அவரை மைதானத்திலிருந்து எடுத்து நூலக அறையில் உட்கார வைத்தார்கள். விசில் வேறொருவர் கழுத்துக்குப் போனது.

ஐந்து வருஷம் கடந்தது. நான் ஒன்றும் தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை. நன்றாகவே சாப்பிட்டேன், நன்றாகவே உறங்கினேன். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் டீச்சர் சேமநிதி முன்பணப் படிவத்தோடு வந்தார். படியில் வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, அப்படியே ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். அவர் சும்மா, வெயிலைப் பற்றிப் பேசுவதைப் போலச் சொன்னார்.

“சார், இப்பவும் நாற்காலியில உக்காந்திருந்தா இடது குதிகாலு தானாத் திரும்புது. அந்த அரை நொடிய எத்தனை தடவை ஓட்டிப் பாத்திருப்பேன்! ஏன் லேட்டாத் திருப்புனேன்? என்ன நெனப்புல இருந்தேன்? ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது.”

பேனாவைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். அந்த ஆங்கிலச் சொல்லில் தொடங்கி, பீரோவில் இருந்த பெடல், கைக்குட்டை, எல்லாவற்றையும் வரிசையாக. வரிசையாகச் சொல்ல மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. இதைத்தான் கேட்டார்.

“அப்ப நான் திருப்புனேனா?”

“திருப்புனீக.”

“நேரத்துக்கா?”

“நேரத்துக்குத்தான். ரெண்டு தடவை.”

தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறு யாருடைய காலோ என்பதைப் போல...

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். “நிர்வாகிக்கு இன்னைக்கே எழுதுறேன் டீச்சர். நோட்டரி முன்னால சத்தியப் பிரமாணமே செஞ்சு குடுக்குறேன். பழைய விளக்கத்தை ரத்து செய்யச் சொல்லி, நடந்தது இதுன்னு...”

டீச்சர் பாதி பூர்த்தி செய்த படிவத்தை மேசையிலிருந்து எடுத்து நாலாக மடித்தார்.

“நீங்க எழுதுனது போதும் சார்” என்றார்.

படியில் இறங்கும்போது நான் கை கொடுக்கப் போனேன். பார்த்தும் பிடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கிப் போனார்.

அதன்பிறகு அவர் வரவில்லை. நூலகத்தில்தான் இருக்கிறார். நிர்வாகிக்கு எழுதட்டுமா, வேண்டாமா? எழுதினால் அவர் சொன்னதை மீறியவன். எழுதாவிட்டால் அந்தப் பொய்த்தாளைக் கோப்பில் காப்பாற்றுகிறவன். முப்பத்து மூன்று வருஷத்தில் எனக்கு விதி கிடைக்காத முதல் கோப்பு இது.

போதும் என்றுதான் சொன்னார். ஆனாலும் உங்களுக்கு எழுதிவிட்டேன். எழுதிய பிறகு கனம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? காலையில் அவர் பள்ளிக்குப் போகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாசலில் நிற்கிறேன். உள்ளே ஓடிவிடக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட உத்தரவு அது. அவர் என்னைத் தாண்டிப் போகிறார். நான் அந்தக் காலைப் பார்க்கிறேன். நாளைக்கும் நிற்பேன்.