எரிமலையில் எண்பது, மக்களில் பத்தொன்பது

ஜெராக்ஸக்காவுக்கு எரிமலையைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. எந்த எரிமலைக்கு வயிறு எங்கே, தொண்டை எங்கே, எது உண்மையாகத் தூங்குகிறது, எது தூங்குவது போல நடிக்கிறது, எல்லாம் ஒப்பிப்பாள். மக்கள் ஏன் ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் மிளகாயைக் கடித்தவள் மாதிரி முழிப்பாள். இதற்குக் காரணம் அவள் மூளை இல்லை. கடையில் இருந்த ஜெராக்ஸ் மெஷின்.

அரசுத் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மெஷின் வாங்கியபோது பூமிக்கு இன்னும் சூடு ஆறவில்லை என்று முதலாளியே சொல்வார். ஒன்பது வருடமாக அக்கா அதோடுதான் குடித்தனம். பயிற்சி மையத்துப் புவியியல் சார் வாராவாரம் தன் கையால் எழுதிய குறிப்புகளைக் கொடுத்தனுப்புவார். மாணவர் ஆளுக்கு ஒரு படி வீதம் எடுத்து, தாள் எண்ணிக்கை தப்பாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"வீணாப் போனதை நீ என்ன வேணா பண்ணிக்கோ. நல்லதுல ஒரு தாள் குறைஞ்சா அந்த மனுஷன் என் தலையையே எண்ணிப் பாத்துடுவாரு" என்று முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவள் படிப்பு தொடங்கியது. சிக்கிக் கசங்கிய தாள், கோணலாய் விழுந்த தாள், மை அப்பிய தாள் எல்லாம் அவள் பாடப் புத்தகம். ஒரு புத்தகம் வாங்கிப் படிக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கினாள். தலையணை கனத்துக்கு இருந்தது, தலையணையாகவே ஆனது. முழுசாக இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் அவளுக்கு இரண்டாவது வரியில் கண் சொருகும். பாதி கிழிந்த பக்கம் என்றால், மீதி என்னவாக இருக்கும் என்று மூளை நாலு நாளைக்குத் தூங்காது.

சிக்கல் என்னவென்றால், மெஷினுக்குச் சில பாடங்கள்தான் ஒத்துக்கொள்ளாது. படம் உள்ள பக்கம், கறுப்பு மை அதிகமான பக்கம் வந்தால் கடகடவென்று மென்று துப்பிவிடும். அதனால் எரிமலை மட்டும் அவளிடம் பதினாலு பிரதி இருந்தது. மலை, பனிப்பாறை, காற்று, கடல் நீரோட்டம் எல்லாம் கிடைத்தன. ஆறுகள் மட்டும் கொஞ்சம் இடைஞ்சல். பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டதால் அவள் படித்த எந்த ஆறும் கடலைப் போய்ச் சேரவில்லை.

மானிடப் புவியியலோ வெறும் எழுத்து. மக்கள்தொகை, குடியிருப்பு, இடம்பெயர்தல், தொழில் என்று வரிவரியாகப் போகும். அதை மெஷின் நல்ல பிள்ளையாகப் படியெடுத்துத் தள்ளிவிடும். ஒரு தாள்கூட வீணாகாது. ஒரு எழுத்துகூட அவளுக்குக் கிடைக்காது.

தேர்வில் இரண்டு பகுதி. இரண்டிலும் தனித்தனியாக முப்பத்தைந்து வாங்கினால்தான் தேர்ச்சி. முதல் தடவை இயற்கைப் புவியியலில் எண்பது, மானிடத்தில் பத்தொன்பது. இரண்டாம் தடவை எண்பத்திரண்டு, இருபத்தொன்று.

"பரவாயில்லையே, வருஷத்துக்கு ரெண்டு மார்க்கு ஏறுது" என்றாள் அண்ணி. அண்ணன் வீட்டில்தான் ஜெராக்ஸக்கா இருந்தாள். கூடத்து மூலையில் ஒரு பாய், குளிருக்கு அண்ணியிடம் சுட்ட போர்வை, பாய்மேல் மலை மாதிரி வீணான தாள். "இன்னும் ஏழு வருஷத்துல பாஸ் பண்ணிடுவீங்க, ஆபீசரம்மா."

"ஏழு வருஷம் எங்க இருக்கு அண்ணி? வர்ற தேர்வோட வயசு முடியுது."

அண்ணி அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. விளக்குமாற்றால் ஒரு பனிப்பாறையை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போனாள்.

ஆக, இருப்பது இந்த ஒரே ஒரு வாய்ப்பு. இதில் மானிடத்தில் முப்பத்தைந்து வராவிட்டால் ஆயுளுக்கும் அந்த மெஷினோடுதான்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒரு நல்ல சகுனம் தெரிந்தது. மெஷினுக்கு வயதாகிவிட்டது. வெறும் எழுத்துப் பக்கத்திலும் சிக்கத் தொடங்கியது. இடம்பெயர்தல் பாடத்தின் முதல் தாள் பாதி கறுப்பாக வந்து விழுந்தது. மேலே தலைப்பு மட்டும் தெரிந்தது: 'தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள்.' அதற்குக் கீழே ஒரே இருட்டு. அக்கா அதைக் கசங்காமல் எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். இப்படியே போனால் மூன்று மாதத்தில் முழு மானிடமும் வீணாகிவிடும்.

மறுநாள் முதலாளி மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார்.

மெக்கானிக் மெஷினின் குடலை உருவி மேசைமேல் பரப்பினான். தேய்ந்த ரப்பர் உருளைகளை மாற்றினான், மைத்தட்டைத் துடைத்தான், எரிமலைப் படத்தையே வைத்து முப்பது பிரதி ஓட்டினான். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"இனிமே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தாள் வீணாகாதுக்கா" என்றான்.

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

"திரும்பப் பழசையே மாட்டிட முடியாதா?"

மெக்கானிக் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

அன்று முழுக்க அக்கா துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருந்தாள். மெஷின் புது மாப்பிள்ளை கணக்காய் வழவழவென்று தாளைத் தள்ளியது. அந்தப் பாதிக் கறுப்புத் தாளைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். தள்ளும் காரணிகள். இழுக்கும் காரணிகள். அந்த இருட்டுக்குக் கீழே என்ன இருக்கும்?

சாயங்காலம் ஒருவர் முகவரி மாற்றும் விண்ணப்பத்தோடு வந்தார். அக்கா தாளைக் கண்ணாடிமேல் வைத்தாள், மூடினாள், பட்டனை அழுத்தாமல் நின்றாள்.

"எதுக்குங்க ஊரை விட்டு வந்தீங்க?"

"ஏம்மா, விண்ணப்பத்துல அதையும் கேக்கறாங்களா?"

"இல்ல, நான்தான் கேக்கறேன்."

"தண்ணி இல்லம்மா. கிணத்துல கல்லைப் போட்டா சத்தம் வர்றதுக்குள்ள சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

அக்கா ஒரு எரிமலையைத் திருப்பி, அதன் வெற்று முதுகில் எழுதினாள்: தள்ளும் காரணி. கிணறு.

அடுத்து வந்தது ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம். இழுக்கும் காரணி, இரண்டு. அதற்கடுத்து ஒரு குண்டு மனிதர், வீட்டு வாடகை ஒப்பந்தத்தோடு.

"மாமியார்" என்றார் சுருக்கமாக.

"அது தள்ளுதா, இழுக்குதா?"

அவர் யோசித்தார். "அவங்க தள்ளுனாங்க. பொண்டாட்டி இழுத்துட்டு வந்துட்டா. நடுவுல என்னை யாரும் கேக்கல."

அக்கா இரண்டு தலைப்பிலும் அவரை எழுதிக்கொண்டாள்.

ஒரு வாரத்தில் கடை தலைகீழானது. தையல்காரரிடம், ஏன் எல்லாத் தையல் கடையும் ஒரே தெருவில் இருக்கிறது என்று கேட்டாள். "துணிக் கடை பக்கத்துல இருக்கு. அப்புறம் ஒருத்தன் ஊசி ஒடைஞ்சா இன்னொருத்தன்கிட்ட வாங்கலாம். வாங்கிட்டுத் திருப்பித் தராம இருக்கலாம்" என்றார் அவர். பிறப்புச் சான்றிதழோடு வந்த பெண்களிடம், உங்க அம்மாவுக்கு எத்தனை பிள்ளை, உங்களுக்கு எத்தனை, உங்க பொண்ணுக்கு எத்தனை என்று மூன்று தலைமுறை விசாரித்தாள். ஒன்பது, நாலு, ஒன்று என்று இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு அம்மாள் கோபித்துக்கொண்டு தாளைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனாள்.

ஒரு மாதம் ஆனதும் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, கடை நடத்துறோமா, ஜனத்தொகை எடுக்கறோமா? அந்த அம்மா என்னைப் பாத்து, உங்க கடையில ஜாதகம் ஒண்ணுதான் கேக்கலன்னு சொல்லிட்டுப் போவுது."

"அண்ணே, இன்னும் ரெண்டு மாசம். அதுக்கப்புறம் என் வயசு முடியுது. வாயை மூடிக்கிறேன்."

முதலாளி கொஞ்ச நேரம் கல்லாவை வெறுமனே திறந்து மூடினார். "வாய் ஓடட்டும். ஆனா கை நிக்கக் கூடாது. இன்னொண்ணு, என்னை எழுதிக்கிட்டியா? எங்கப்பா இந்த ஊருக்கு வந்ததே பஸ்ல தூங்கிட்டதாலதான்."

அது எந்தக் காரணி என்று அன்று முழுக்க இருவரும் வாதாடினார்கள். முடிவு வரவில்லை.

மூன்றாவது மாதம் வரிசை தெருமுனையைத் தொட்டது. படியெடுக்க ஒன்றுமில்லாதவர்களும் கையில் பழைய மின்கட்டண ரசீதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் ஏன் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சிலர் கிளம்பிய நாளில் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பது வரை சொன்னார்கள். பதினாலு எரிமலையின் முதுகும் நிரம்பிவிட்டது. பனிப்பாறைகளைத் திருப்ப வேண்டியதாயிற்று.

தேர்வு அன்று இயற்கைப் பகுதியில் எரிமலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் படம் வரைந்து விளக்கு என்று கேட்டிருந்தார்கள். அக்கா இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஆற்றின் அடிப்பகுதியை வெட்டிய மெஷினை மனசாரத் திட்டிவிட்டு, தெரிந்ததை எழுதினாள்.

மானிடப் பகுதியில் கேள்வி இது: மக்கள் நகரங்களை நோக்கி இடம்பெயர்வதற்கான காரணங்களைத் தக்க எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக. அக்கா எழுதத் தொடங்கினாள். கிணற்றுக்காரர் வந்தார், நர்ஸ் வந்தாள், குண்டு மனிதர் மாமியாரோடு வந்தார். நான்கு தடவை எழுந்து கூடுதல் தாள் கேட்டாள். ஐந்தாம் தடவை மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னம்மா, கதை எழுதறீங்களா?"

"இல்ல சார். வரிசையில இன்னும் ஆள் நிக்குது."

முடிவு வெளியான அன்று காலை இணையதளம் படுத்துவிட்டது. ஊரே ஒரே நேரத்தில் தட்டினால் அது என்ன செய்யும். பதினொரு மணிக்குப் பயிற்சி மையத்துக் கிளார்க் எங்கிருந்தோ தேர்ச்சிப் பட்டியலை வாங்கிக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே அறுபது எழுபது பேர்.

"நூத்தம்பது காப்பி. சீக்கிரம்."

அக்கா தாளை வாங்கிப் பாராமல் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்தாள். பிரதிகளும் கவிழ்ந்தே வந்து விழுந்தன.

"பாரேன்மா" என்றார் முதலாளி.

"நூத்தம்பது முடியட்டும் அண்ணே. நடுவுல பாத்தா கை நின்னுடும்."

நின்றிருக்கும்தான். மெஷின் ஒரு தாளைக்கூட மெல்லவில்லை. நூற்று ஐம்பதாவது விழுந்ததும் கட்டை அப்படியே கிளார்க்கிடம் கொடுத்தாள். கண்ணாடி மூடியைத் தூக்கி, மூலத் தாளை எடுத்துத் திருப்பினாள்.

கீழேயிருந்து மூன்றாவது வரி. அவள் எண். இயற்கை முப்பத்தாறு. மானிடம் எழுபத்தொன்பது.

முதலாளி எட்டிப் பார்த்தார். இரண்டு தடவை படித்தார். "எங்கப்பாவை எந்தக் காரணியில போட்ட?" என்று கேட்டார்.

அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, வந்துடுச்சு."

"எது, கேஸ் சிலிண்டரா?"

"என் நம்பரு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு குழாயை மூடும் சத்தம்.

"நிஜமாவா?"

"கீழேருந்து மூணாவது."

"எந்த ஊருல போடுவாங்க?"

"தெரியல. முதல்ல தூரமாத்தான் போடுவாங்களாம்."

எண்ணைத் தேடி நாலு பேர் கத்திக்கொண்டிருந்த சத்தத்தில், மூக்கை உறிஞ்சியது யார் என்று அக்காவுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சரி, போகும்போது உன் போர்வையை எடுத்துட்டுப் போ" என்றாள் அண்ணி. "என்னோடதைத் தொட்டே, தெரியும் சேதி."