மடியில் மதுராவுடன் லண்டனிலிருந்து திம்புள்ள வரை

மாலை ஆறு மணிக்கு லண்டன் விமான நிலைய வாசலில் மனைவி கலா என் தோளில் ஒரு பையையும் இடுப்பில் மகளையும் ஏற்றிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ யோசிச்சுப் பாருங்களேன்."

யோசிக்க நேரமில்லை. விமானம் எட்டு நாற்பதுக்கு. மகள் மதுராவுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். பிறந்ததிலிருந்து ஓர் இரவுகூடத் தாயைப் பிரிந்து தூங்கியதில்லை. தூங்கும்போது கலாவின் காது மடல் அவள் விரல்களுக்குள் இருக்க வேண்டும். என் காதை எத்தனையோ முறை நீட்டிப் பார்த்திருக்கிறேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுவாள்.

தங்கை புஷ்பாவுக்கு இலங்கையில், திம்புள்ளயில் கல்யாணம். அப்பா அம்மா இருவரும் இல்லை. கலா மருத்துவமனை வேலையில் புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் விடுப்புக் கிடைக்கவில்லை. அவள் வேலை முறையில் இரவும் பகலும் மாறி மாறி வரும். குழந்தையை அவளிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போகவும் வழியில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து பெரியப்பா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"டேய் சிவா, கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு ஒரு ஆம்பள தனியா வர்றதா? அதெல்லாம் ஒன்னால ஆகாதுடா. தாரை வார்க்க நா இருக்கேன்."

பிறகு புஷ்பா தனியாகப் பேசினாள். "அண்ணே, பெரியப்பா சொல்றத விடுங்க. நீங்க வந்து தாரை வார்த்துக் குடுங்க. அம்மா செத்ததுக்குத்தான் வர முடியாமப் போச்சு."

அம்மா இறந்தபோது லண்டனில் தங்கும் விசா கிடைக்காமல் நின்றுபோனவன் நான். இந்த முறை நிற்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை கிடையாது. பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு, மடியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் பதினொரு கிலோ வரை தாங்குமாம். மதுரா பதினொன்றரை. ஆகவே எட்டாயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கும் என் மடிதான் அவளுக்கு இடம்.

எட்டு ஐம்பதுக்கு விமானம் ஓடத் தொடங்கியது. மேலே ஏறும்போது காது அடைக்கும், அப்போது பால் கொடுங்கள் என்று கலா எழுதித் தந்திருந்தாள். கொடுத்தேன். மதுரா குடித்தாள், சன்னல் வெளிச்சங்களைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது மணி நேரத்தில் அவளுக்கு அம்மா நினைவு வந்தது.

"அம்மா?" என்று முதலில் கேட்டாள். பிறகு கூப்பிட்டாள். பிறகு விமானம் முழுக்கக் கேட்கும்படி கதறினாள். பிஸ்கட் வேண்டாம், பொம்மை வேண்டாம், படப் புத்தகம் வேண்டாம். கலாவின் பட்டியலில் இருந்த ஒன்பதும் பத்தே நிமிடத்தில் தீர்ந்துபோயின. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் பதினான்கு முறை போய்வந்தேன். தூக்கத்திலிருந்து விழித்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். சிலர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்கள். அது இன்னும் கூச்சமாக இருந்தது. பெரியப்பா சொன்னது சரிதானோ என்று கழிப்பறைக் கதவருகே நின்றபோது எனக்கே தோன்றிவிட்டது. உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தால் என் கண்ணும் கலங்கியிருந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் ஆஜானுபாகுவான ஆள். தாடி, காதில் ஒரு வளையம், ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து அவரருகே உட்காரவே பயமாக இருந்தது. உட்கார்ந்தேன். மதுராவை முழங்காலில் வைத்து ஆட்டினேன். வாயில் வேறெதுவும் வரவில்லை. சிறுவயதில் ரயில் விளையாட்டுக்குச் சொன்னதுதான் வந்தது.

"நானுஓயா... ரதல்ல... கிரேட் வெஸ்டர்ன்... வட்டகொடை... தலவாக்கலை..."

ஒவ்வொரு நிலையத்துக்கும் முழங்காலை ஒரு குலுக்கு. கொட்டகலையில் அழுகை குறைந்தது. ஹட்டனில் நின்றது. மூக்கு ஒழுக, என் வாயையே பார்த்தாள்.

"ரொசல்லை... வட்டவளை... இங்குருஓயா... நாவலப்பிட்டி!"

"கல்பொட," என்றது பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல். திரும்பிப் பார்த்தேன். தாடிக்காரர் சிங்களத்தில் சொன்னார்: "வட்டவளைக்கு அப்புறம் கல்பொட. விட்டுவிட்டீர்கள். நான் நாவலப்பிட்டி."

பெயர் நிமல் என்றார். கப்பலில் வேலை, ஏழு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகிறார். மதுரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மறுக்கா" என்றாள். மறுபடி நானுஓயாவிலிருந்து புறப்பட்டோம். இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து, கல்பொடவையும் விடாமல். ஆறாவது பயணத்தில் அவள் என் மார்பில் சாய்ந்தாள். கண் சொக்கியது. கை மட்டும் எதையோ தேடியது. என் காதைத் தொட்டது, வழக்கம்போலத் தள்ளியது, பக்கத்தில் நீண்டு நிமலின் காது மடலைப் பிடித்துக்கொண்டது. வளையம் பிடித்திருக்க வேண்டும். அப்படியே தூங்கிப்போனாள்.

அந்த மனிதர் இரண்டரை மணி நேரம் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். நடுவில் ஒரு முறை, உதடு மட்டும் அசைய, "கழிப்பறைக்குப் போகணும், ஆனால் பரவாயில்லை" என்றார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன், சத்தமில்லாமல். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காது அசைந்துவிடுமோ என்று இருவரும் அடக்கிக்கொண்டோம்.

இலங்கை நேரம் காலை ஒன்பதுக்கு மதுரா எழுந்தாள். ஆம்லெட்டில் பாதியை அவள் தின்றாள், மீதியை என் கால்சட்டை தின்றது. விமானத்தின் குறுகலான கழிப்பறையில் ஒற்றைக் கையால் பம்பர்ஸ் மாற்றினேன். முதல் முறை பன்னிரண்டு நிமிடம், மூன்றாம் முறை நான்கே நிமிடம். பகல் பன்னிரண்டு ஐம்பதுக்குச் சக்கரம் தரையைத் தொட்டபோது மதுரா கைதட்டினாள். பின்வரிசையிலிருந்த ஒரு பெண்மணி என் தோளைத் தட்டி, "நல்லா வச்சிருந்தீங்க" என்றார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. நிமல் தன் காதை மகளிடம் நீட்டிக் காட்டிவிட்டுப் பெட்டி எடுக்கப் போனார்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து எங்கள் தோட்டம் நூற்றைம்பது கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். வான் வாடகை முப்பதாயிரம் ரூபாய். ஓட்டுநர் ராஜு எங்கள் ஊர்ப் பையன்தான். இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. ஒன்றே முக்காலுக்குப் புறப்பட்டோம். அவிசாவளை வரை மதுரா தூங்கினாள். கித்துல்கல தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஆகாயத்தில் அசையாதவள் வளைவுகளில் அசைந்துபோனாள்.

"அண்ணே, புள்ள மொகம் வெளுத்துருச்சு," என்று ராஜு கண்ணாடியில் பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள், ஆம்லெட், பால், வாழைப்பழம் எல்லாம் என் சட்டைக்கு வந்து சேர்ந்தன.

கினிகத்தேனையில் ஒரு துணிக்கடை முன்னால் நிறுத்தினோம். மணி ஐந்து. கடைக்காரப் பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"உள்ளுக்கு வாங்க மகன், வெக்கப்படாதீங்க. இந்த ரோட்டுல வர்ற புள்ளைகள்ல பாதி எங்க கடை வாசல்லதான் வாந்தி எடுக்கும்." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி சுடுநீரும் துண்டும் கொண்டுவந்து, "புள்ளைக்கு உம்மா எங்க?" என்று கேட்டார். லண்டனில் என்றேன். "அப்ப நீங்க தனியாவா தூக்கிட்டு வந்தீங்க?" என்று இன்னொரு முறை கேட்டு, மதுராவை வாங்கிக் கழுவித் துடைத்தார். அவளுக்கு ஒரு மஞ்சள் கவுனும் எனக்கு இடுப்பில் கட்ட ஒரு சாரமும் சட்டையும் எடுத்தேன். இஞ்சி போட்ட பிளேன்டீக்கு மட்டும் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். லண்டனிலிருந்து மாப்பிள்ளை மாதிரி இறங்குவேன் என்று நினைத்திருந்தவன், கோடு போட்ட சாரத்தோடு வானில் ஏறினேன். ராஜு ஹட்டன் வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

கொட்டகலை தாண்டியதும் கண்ணாடியை இறக்கினேன். குளிர் உள்ளே வந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் கொழுந்து வாடும் வாசனையும் வந்தது. மதுரா மூக்கைச் சுருக்கி, பிறகு நன்றாக இழுத்து மூச்சுவிட்டாள்.

ஆறே முக்கால். வரிசையாக ஒட்டி நின்ற லயத்து வீடுகளின் முன்னால் பந்தல், வாழைமரம், டியூப்லைட். வான் நின்றதும் பத்துப் பதினைந்து பேர் ஓடிவந்தார்கள். இவ்வளவு முகங்களையும் பார்த்து மதுரா அழப்போகிறாள் என்று அவளை இறுக்கிக்கொண்டேன். புஷ்பா மருதாணிக் கைகளை விரித்தபடி முன்னால் வந்து நின்றாள். மதுரா அவளை வெறித்துப் பார்த்தாள். இதுவரை அத்தையை அவள் போன் திரைக்குள் மட்டுமே பார்த்திருக்கிறாள். மெல்ல விரலை நீட்டிப் புஷ்பாவின் கன்னத்தில் வைத்து, திரையைத் தள்ளுவதுபோல ஒரு பக்கமாகத் தள்ளினாள். முகம் மாறவில்லை. இன்னொரு முறை தள்ளினாள். பிறகு புஷ்பாவின் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே பின்னலும் பூவும் முழு ஆளும் இருப்பதைக் கண்டதும், "அத்தே!" என்று கத்திக்கொண்டு அவள் மேல் பாய்ந்தாள். புஷ்பா அழுதுகொண்டே சிரித்தாள். என் கைகள் ஏறக்குறைய ஒரு நாளைக்குப் பிறகு காலியாக இருந்தன.

மறுநாள் காலை ஏழு மணி முகூர்த்தம். மேடையில் ஏறும் நேரத்தில் மேளச் சத்தத்துக்குப் பயந்து மதுரா என்னிடம் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிரிக்க முடியவில்லை.

"பிள்ளையை யாரிடமாவது கொடுங்கோ," என்றார் ஐயர்.

நான் பதில் சொல்லுமுன் பெரியப்பாவின் குரல் கேட்டது. "விடுங்க சாமி. பதினோரு மணி நேரம் அப்புடியே தூக்கிட்டு வந்தவன். தாரை வார்க்கவா முடியாது?"

பந்தலே சிரித்தது. இடக்கையில் மகளை வைத்துக்கொண்டு வலக்கையால் செம்பைச் சாய்த்தேன். நீர் புஷ்பாவின் கையிலும் மாப்பிள்ளையின் கையிலும் விழுந்தது.

பத்து நாள் இருந்தோம். லண்டனில் எங்கள் மாடியில் எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்தது இரண்டே முறை. இங்கே மதுராவை நான் தூக்கிய நேரம் குறைவு. லயத்து வீடுகளான பன்னிரண்டு காம்பிராவிலும் அவளுக்குச் சாப்பாடு இருந்தது. புறப்படும் நாள் வான் வந்து நின்றபோது அவளைத் தேடி வீடு வீடாகப் போனேன். ஏழாவது வீட்டில், அடுப்பருகே உட்கார்ந்து ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவப்பு.

"வா, பிளேன்ல போவோமா?" என்றேன்.

எழுந்து வந்து இரண்டு கைகளையும் உயர்த்தினாள். தூக்கினேன். வந்தபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தாள். எனக்குச் சுலபமாக இருந்தது.