இரண்டு தூம்பா

செஞ்சிக்கும் வல்லத்துக்கும் நடுவிலிருந்த எங்கள் ஊரில் நான் உபதேசியாராக இருந்தேன். சாமியார் செஞ்சியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைப்பார். மற்ற ஆறு நாளும் செபம், ஞானோபதேசம், சாவு எல்லாம் என் தலையில். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய புதிது. எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. ஆனாலும் கோயிலில் மேலத்தெருக்காரர்கள் வலப்பக்கம், கீழத்தெருக்காரர்கள் இடப்பக்கம். வேதம் ஒன்று, சாதி வேறு. நான் மேலத்தெரு.

எங்கள் பக்கத்தில் பெட்டியோடு புதைக்கிற வழக்கம் அப்போது கிடையாது. தூம்பா என்று பொதுவில் ஒரு பெட்டி இருக்கும். அதில் வைத்துக் கல்லறைக்குத் தூக்கிப்போய், உடலை மட்டும் குழியில் இறக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவோம். பொது என்பது பேச்சுக்குத்தான். தெருவுக்கு ஒன்றாக இரண்டு தூம்பா இருந்தன.

ஒரு ஐப்பசி மழையில் கீழத்தெருத் தூம்பாவின் அடிப்பலகை கறையான் அரித்து விட்டுப்போயிற்று. அந்த வாரமே அங்கே ஒரு அம்மாள் செத்துப்போனாள். அவள் மகனுக்கு என் வயதுதான் இருக்கும். அம்மாவைப் பாயில் சுற்றித் தூக்கிப்போக மனசு வரவில்லை என்று என் முன்னால் வந்து நின்றான். மேலத்தெருத் தூம்பாவைப் பூட்டி வைத்திருந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. முந்தின ஞாயிறு சாமியார் வராததால் நானே செபம் நடத்தி, ஒரே அப்பத்தை உண்கிறவர்களுக்கு இரண்டு பக்கம் எதற்கு என்று வாய் கிழியப் பேசியிருந்தேன். சாவியைக் கொடுத்தேன். தைரியம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பேசின வாய்க்கு வேறு வழியில்லை.

மேலத்தெருவில் யாரும் சண்டைக்கு வரவில்லை. திரும்பி வந்த பெட்டியைத் தொடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். சாமியார் கேள்விப்பட்டு, இரண்டு தெருவையும் சேர்த்துவிட்டாய் என்று தோளில் தட்டினார். எனக்குப் பெருமையாகவே இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தை பிறக்குமுன் ஒரு காலையில் என் அம்மா இறந்தாள். அதற்குப் பிறகு மேலத்தெருவில் விழுந்த முதல் சாவு அது. அண்ணன் சைக்கிளில் செஞ்சிக்குப் போனான். ஆசாரியோடு கூடவே உட்கார்ந்து பலகை அடித்து வாங்கி, மத்தியானம் மாட்டுவண்டியில் ஒரு புதுப் பெட்டியோடு வந்து இறங்கினான்.

"அந்தப் பொட்டியில வெச்சா அம்மாவத் தூக்க நாலு பேரு வரமாட்டான். நீ ஒண்டியா தூக்குவியா?" என்று மட்டும் கேட்டான்.

கீழத்தெரு ஆட்கள் தெருமுனையில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் தூக்கியிருப்பார்கள். அது எனக்கு அந்த நிமிஷமே தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று பிற்பாடு சிலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். துக்கமே வரவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைப் புதுப் பெட்டியில் வைத்தார்கள். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

கல்லறையில் குழி வெட்டியிருந்தவன் அந்தக் கீழத்தெரு மகன்தான். யாரும் சொல்லிவிடாமலே வந்திருந்தான். சாமியார் மந்திரித்தார், மண் தள்ளியாயிற்று, எங்கள் ஆட்கள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அவன் மண்வெட்டியை வைத்துவிட்டு என் அருகே வந்தான். குரலில் கோபம் இல்லை.

"எங்கம்மாவ வெச்ச பொட்டி உங்கம்மாவுக்கு ஆவாதுன்னா, அன்னிக்கே சாவி தராம இருந்திருக்கலாமே உபதேசியாரே. நாங்க பாயிலயே தூக்கினு போயிருப்போம்."

நான் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு கோயிலில் இடப்பக்கம் அவன் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அன்றைய வேத வாசகத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்து முடித்தேன்.