உச்சந்தலையில் வாசலின்

உச்சந்தலையில் இருந்த தோல்கட்டியை வெட்டி எடுத்தபின் மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம். அதற்கு இன்னொரு அறுவை, சில நாள் படுக்கை. அல்லது, எலும்பின் மேலுறை நன்றாக இருப்பதால் அப்படியே விட்டு, தினமும் கழுவி வாசலின் தடவிக் கட்டலாம்; இரண்டரை மாதத்தில் தானாக மூடும். அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து அடுத்தவர்களின் மருத்துவச் செலவுக் கோப்புகளை வருடக்கணக்காகத் திருப்பி அனுப்பியவன் நான். மலிவான வழிக்குக் கையெழுத்திட்டேன்.

கட்டுவது மனைவியின் வேலையானது. காலை ஏழு மணிக்குப் பின்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கை என் தாடையைப் பிடித்திருக்கும், மறு கை தடவும். எங்கள் வயதில் கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்ள ஏதாவது காரணம் வேண்டியிருக்கிறது. என் காரணத்தில் மருத்துவரின் கையெழுத்தே இருந்தது.

மூன்றாம் வாரம் தப்பு செய்தோம். புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சூலூரிலிருந்து பார்க்க வந்த மச்சானும் அதையே சொல்ல, நடைமுறைகள் அனைத்தும் அறிந்த நான் ஒப்புதல் அளித்தேன். இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்ததில் கறுத்துப் பொருக்கு கட்டிவிட்டது.

மருத்துவர் அதை ஊறவைத்து எடுத்தார். "ஈரமா இருந்தாத்தானுங்க சார் ஓரத்துத் தோலு நகர்ந்து வரும். காய உட்டா அங்கயே நின்னுக்கும். இப்பப் பாருங்க, ஒரு வாரம் தள்ளிப்போச்சு."

அந்த ஒரு வாரம் என் மனதில் தங்கிவிட்டது.

மகளின் பிரசவத்துக்கு மனைவி கனடா போகவேண்டும். ஆறு மாதம். என் புண் மூடியதும் புறப்படுவதாக ஏற்பாடு. அது துவரம்பருப்பு அளவுக்குச் சுருங்கியிருந்த ஒரு காலை, அவள் குளிக்கப் போனதும் கட்டை அவிழ்த்துவிட்டு மொட்டை மாடி வெயிலில் போய் உட்கார்ந்தேன்.

ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"மண்டையிலயா? புள்ள அங்க நாளெண்ணிட்டு கெடக்கறா. நீங்க இங்க வடகம் காயப்போடறீங்களாக்கும்!"

கீழே போய் வாசலின் டப்பாவை எடுத்து வந்தாள். அன்றைக்குத் தடவ வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள், திட்டவில்லை.

அடுத்த வாரம் புண் மூடியது. அவளும் போய்விட்டாள்.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறாள். பேத்தியைக் காட்டுவாள். பிறகு, "எங்க, குனிங்க பாக்கலாம்" என்பாள். போனுக்கு நேராகத் தலையைக் குனிவேன்.

"நல்லா ஆறிருச்சுங்க. முடிதான் இனி வராது. சரி, நிமிருங்க."

கொஞ்சம் கழித்துத்தான் நிமிர்வேன்.