அக்கா திறந்த மதகு

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களுமான நீங்கள் அக்காவைப் புகழ்ந்து நான்கு வரி எதிர்பார்ப்பீர்கள். புகழத்தான் போகிறேன். ஆனால் அக்காவை யாராவது புகழ்ந்தால் சிறு வயதிலிருந்தே எனக்கு ஆகாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மாகறலில் பிறந்தார். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாத வீடு. அப்பாவும் அம்மாவும் கூலிக்கு வயல் வேலைக்குப் போவார்கள். மூத்தவர் அக்கா, அடுத்தவன் நான். எதைக் கேட்டாலும் அம்மா, "உங்க அக்காவைக் கேளு" என்பார். அக்கா கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையம் போன பிறகும் அதே கதைதான். ஆட்டை விற்கலாமா வேண்டாமா என்று கேட்க அம்மா பஸ் ஏறிப் போவார். சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் நான் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். என்னிடம் ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

பிள்ளையார்பாளையத்தில் அக்கா பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் நூல் அலசும் வேலை செய்தார். மாமா இறந்தபின் கைக்குழந்தையான மகளோடு ஊர் திரும்பினார். அப்போது ஊருக்குப் பக்கத்தில் சென்னைக்காரர் ஒருவர் பண்ணை வைத்திருந்தார். விடுமுறைக்கு வருகிறவர்கள் படகு விடுவதற்காக, ஓடையை மறித்து மண்ணால் ஒரு சின்ன அணை கட்டியிருந்தார். தோட்டம் கூட்டும் வேலைக்குத்தான் அக்கா அங்கே சேர்ந்தார். ஒரே வருடத்தில் அணையே அக்கா பொறுப்புக்குப் போய்விட்டது. கரையில் நிழலுக்கு மரம் வைக்க முதலாளி கன்றுகளை இறக்கினார். வேர் இறங்கினால் கரைக்கு ஆபத்து என்று அக்கா அத்தனையையும் திருப்பி அனுப்பினார். எலி வளை, நண்டு வளை எல்லாவற்றையும் களிமண் வைத்து இடித்து அடைத்தார். இதையெல்லாம் நான் காசு கட்டிப் படித்தவன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கரையின் அடியில் ஓரிடத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கசியும். மண் அணைக்கு அது இயல்புதான். தெளிந்த தண்ணீராக வரும் வரை பயமில்லை. அக்கா தினமும் அதை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார். பட்டறையில் கடைசி அலசல் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார்களாம். துளி நிறம் தெரிந்தாலும் நூலை மறுபடி அலச வேண்டும்.

ஒரு பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது கிண்ணத்துத் தண்ணீர் கலங்கி வந்தது. அணையை உடனே வடிக்க வேண்டும் என்றார் அக்கா. காணும் பொங்கலுக்குப் படகுகளை எல்லாம் பேசி முடித்திருந்ததால் முதலாளிக்கு மனம் வரவில்லை. படித்தவர் யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்றார். அக்கா என்னைக் கூப்பிடச் சொன்னார்.

போனேன். போனதும் முதலாளி, உங்கள் அக்கா மாதிரி ஒரு ஆள் கிடைக்காது என்று ஆரம்பித்துவிட்டார். அதைக் கேட்டதிலேயே எனக்குப் பாதி உயிர் போயிற்று. அக்கா கிண்ணத்தை நீட்டினார். அடியில் மண் படிந்திருந்தது. கரையின் உள்ளே மண் அரித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கரைக்குக் கீழே எட்டு வீடுகள் இருப்பதும், அத்தனையும் நம் சொந்தக்காரர்களுடையவை என்பதும் தெரியும்.

"மழையில மேல்மண்ணு கழுவிக்கினு வருது சார். பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன்.

மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்தார்.

மறுநாள் காலையில் அக்கா தாமே மதகின் ஷட்டரைத் திறந்துவிட்டார். முதலாளி கத்தினார், வேலையை விட்டுப் போகச் சொன்னார். ஷட்டரைத் திருகும் கைப்பிடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் அணை முக்கால்வாசி வடிந்தது. அதற்கடுத்த நாள் மத்தியானம், கசிந்த அதே இடத்தில் கரை உள்வாங்கி, மாட்டுவண்டி நுழையும் அகலத்துக்கு உடைந்தது. மிச்சமிருந்த தண்ணீர் வயலோடு நின்றுவிட்டது. எந்த வீட்டுக்குள்ளும் போகவில்லை.

ஊரே ஓடிவந்தது. நானும் ஓடினேன். யார் சொல்லித் திறந்தாய் என்று முதலாளி எல்லோர் எதிரிலும் கேட்டார்.

"தம்பிதான் தனியா கூப்ட்டு தெறக்கச் சொன்னான் சார். உங்க எதுர்ல சொல்லக் கூச்சப்பட்டுக்கினான்" என்றார் அக்கா.

முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். கரையைத் திரும்பக் கட்டும் வேலையும் எனக்கே வந்தது. இன்றுவரை நான் செய்யும் வேலைகள் எல்லாம் அந்தப் பெயரால் வந்தவை. அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சண்டை போட்டேன். "உனுக்கு ஒரு வேல வேணும். எனுக்கு அந்த வீடுங்க இருக்கணும். ரெண்டும் ஆயிடுச்சி. இன்னாத்துக்குடா கத்துற?" என்றார். பொய் சொல்வதிலும் என்னைவிடக் கெட்டிக்காரி. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எட்டு வீட்டுப் பெண்களும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வந்தால் எழுந்து உட்கார்ந்து பேசுவார். நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "நீ வந்தாதான்பா தூக்கம் வருது" என்றார். நம்பலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்தவர்கள், மருத்துவம் பார்த்தவர்கள், கடைசிவரை தோள் கொடுத்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எட்டு வீட்டாருக்கு நன்றி சொல்லும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று மதகைத் திறக்கச் சொன்னவன் நான் இல்லை. அக்கா அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு நாளும், அக்கா சொன்னது தப்பாகிப்போக வேண்டும் என்று நான் வீட்டில் இருந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

இது தெரியாமல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தேங்காய், பழம், வேட்டி வைத்து என் வீட்டுக்குத் தட்டு கொண்டுவருகிறீர்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன். இந்தப் பொங்கலுக்கு அதில் வேட்டிக்குப் பதில் புடவை வைத்து, அக்கா மகள் வீட்டில் கொடுத்துவிடுங்கள். போகும்போது என் வாசல் வழியாக மட்டும் போகாதீர்கள். பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.