மூப்பர் சத்தத்தைக் குறைத்த படம்

நிலாவெளிக் கோயில் மண்டபத்தில் வேற்றுமொழிப் படம் போட்டால், கண்ணைத் திரைக்கும் காதை ஐவி அக்காவுக்கும் கொடுத்துவிடுவோம். பகலில் ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு அறைச் சாவி கொடுக்கிறவர், மாலையில் மைக்கைப் பிடித்தால் கதாநாயகியும் அவர்தான், வில்லனும் அவர்தான். குதிரைக்கும் தமிழில் குரல் கொடுப்பார். சரியான வாயாடி. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

இந்த முறை படத்தை அவரே தேர்ந்தெடுத்தார். ஒரு சர்வாதிகாரியின் நாட்டில் ஒருத்தி பியானோ வாசிக்கிறாள். அவள் இசை தன்னை நையாண்டி செய்கிறது என்று அவன் அதற்குத் தடை போடுகிறான்.

"கடைசியில அவள் வாசிக்கிறதை எங்கட சனம் கேக்கோணும். அதுக்குத்தான் இந்தப் படம்," என்று வாரக்கணக்காக அக்காவுக்கு இதே கதை.

படம் காட்டும் கருவி இரவல். கிடைத்த நாளோ ஈஸ்டருக்கு முதல் நாளான பெரிய சனி. பெரிய வியாழன் தொடங்கிச் சனி நள்ளிரவுப் பாஸ்கா மணி அடிக்கும் வரை எங்கள் கோயிலில் எந்த வாத்தியமும் ஒலிக்கக்கூடாது. கோயில் மூப்பர் சூசைப்பிள்ளை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

"கதையுங்கோ பிள்ளை. வாத்தியச் சத்தம் மட்டும் கேக்கப்படாது."

"ஐயோ மூப்பர், படமே வாத்தியத்தைப் பற்றித்தானே!"

"ஏலாது."

பியானோ வந்தபோதெல்லாம் குமிழைத் திருகிப் படத்தின் சத்தத்தை அமுக்கினார். எனக்கு மனுசனைக் கடித்தால் என்ன என்றிருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

"வாயால பாடலாமோ?"

"ஓம், அது பாடலாம்."

அவ்வளவுதான்! பியானோ வாசித்ததையெல்லாம் அக்கா "லா லா" என்று பாடத் தொடங்கினார். சுருதி அங்கே இங்கே போனது, யார் கவலைப்பட்டார்? கொஞ்ச நேரத்தில் மெட்டு எல்லோருக்கும் பாடமாகிவிட்டது.

கடைசிக் கச்சேரி. அவள் வாசிக்க உட்கார்ந்ததும் ஓர் அதிகாரி வந்து பியானோவை மூடுகிறான். "நிப்பாட்டு!" என்று அக்கா அவனுடைய குரலில் உறுமினார்.

சூசைப்பிள்ளை துள்ளி எழும்பினார். "நீ ஆரடா நிப்பாட்ட? அந்தப் பிள்ளையை வாசிக்க விடடா!"

மண்டபமே திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கை இன்னும் குமிழில்தான் இருந்தது. ஐயோ, அந்தச் சிரிப்பு!

திரையில் அவள் பியானோவை மறுபடி திறந்தாள். ஐவி அக்கா மைக்கை எடுத்தார். சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்ததில் குரல் எழும்பவில்லை. இத்தனை நாள் காத்திருந்த இடம், சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூப்பர் குமிழைக் கூட்டவில்லை. பெரிய சனி பெரிய சனிதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த மெட்டை அவரே பாடத் தொடங்கினார்.