ஊர்வலத்தில் என் மகளைக் காணோம்

போன வருடம் வஹகோட்டை தேவாலயத் திருவிழாவில் நடந்தது இது. நான் மாத்தளை டவுனில் இருக்கிறேன். எங்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருக்கிறோம். மற்றவர்கள் ட்ரம் அடிப்பார்கள், பேக்பைப் வாசிப்பது நான் ஒருத்திதான். அன்று ஊர்வலத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள்.

பேக்பைப்பில் பாட்டைவிட அடிப்படைதான் கஷ்டம். வாயால் ஊதிப் பையை நிரப்ப வேண்டும். மூச்சு எடுக்கும்போது சத்தம் அறுந்துவிடாமல் கையால் பையை அமுக்க வேண்டும். அதற்கிடையில் விரல்கள் துளைகளில் ஓட வேண்டும், காலும் தாளத்துக்கு நடக்க வேண்டும். ஒன்றை நினைத்தால் இன்னொன்று மறந்துபோகும். அதனால் சோறு வேகும் நேரத்தில்கூட பயிற்சிக் குழலை எடுத்து ஒரே விரல் வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். நேசரிப் பள்ளிக்குப் போகும் என் சின்ன மகள், "அம்மாவுக்கு வேற பாட்டே தெரியாதா?" என்று கேட்பாள்.

அன்று அவளைக் கூட்டி வந்தவர் என் கணவர். ஊர்வலம் பாதி வழி வந்திருக்கும். அவர் மட்டும் தனியாக ஓடி வந்தார். கையை இடுப்பளவுக்குத் தாழ்த்திக் காட்டி, இங்கே வந்தாளா என்று சைகையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். மறுபடியும் கூட்டத்துக்குள் ஓடிவிட்டார்.

குழாயை வாயிலிருந்து எடுக்கப் போனேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் தோன்றியது, அந்த நெரிசலில் அவளுக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் கால்கள்தான். என்னைக் கண்டுபிடிக்க இந்தச் சத்தம் ஒன்றுதான் இருக்கிறது. நிறுத்தினால் அதுவும் போய்விடும்.

ஊதிக்கொண்டே நடந்தேன். கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது. மனம், தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டது. கண்ணீரைத் துடைக்கக் கை இல்லை. என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கேயும் பிசகவில்லை என்று பிறகு தோழி சொன்னாள்.

கொஞ்ச தூரம் போனதும், சனத்துக்கு மேலே ஒரு குட்டிக் கை ஆடியது. வீதியோரம் வளையல் கடை போட்டிருந்த ஒரு முஸ்லிம் அக்கா, என் மகளைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எங்களோடு சேர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகும் அவளை இறக்கவில்லை. தேவாலய வாசல் வரைக்கும் அப்படியே சுமந்து வந்தார். உயரத்தில் மகளைக் கண்டு என் கணவரும் அங்கே ஓடி வந்து சேர்ந்தார்.

பையை இறக்கிவைத்துவிட்டு மகளை வாங்கினேன். அந்த அக்காதான் நடந்ததைச் சொன்னார்.

"புள்ள அழவே இல்ல தங்கச்சி. சத்தம் கேக்குற பக்கம் போனா அம்மா இருப்பாங்கண்டு சொல்லிச்சி. அதான் அந்தப் பக்கமே தூக்கிட்டு வந்தேன்."

மகளின் கன்னத்தைத் தடவிவிட்டு, ஆளில்லாமல் விட்டு வந்த கடையைப் பார்க்க அவர் வேகமாகத் திரும்பிப் போனார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

பழகுவதெல்லாம் பாட்டுக்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டால், நெஞ்சு நடுங்கும் நேரத்திலும் ஒரு தாயால் தான் இருக்கும் இடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.